இரட்டைக்குழல் பெற்ற பிள்ளை

நகைக்கடை வாசலில் காவலுக்கு உட்காரும் சோணைமுத்துவின் இரட்டைக்குழல் துப்பாக்கி, தை மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலையில், எட்டாம் பிளாக் முன்னால் கார்ப்பரேஷன் தண்ணீர் லாரி வந்து நின்று ஆரன் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், பீரோவுக்குள்ளேயே பிள்ளை பெற்றது. குடங்களைத் தூக்கிக்கொண்டு மொத்தக் குடியிருப்பும் படியிறங்கி ஓடியதால் பிரசவச் சத்தம் யார் காதிலும் விழவில்லை. சீருடை எடுக்கப் பீரோவைத் திறந்த சோணைமுத்துதான் முதலில் பார்த்தார். பட்டாளத்துக் கம்பளியின் மேல் பெரியது களைத்துச் சாய்ந்து கிடந்தது. அதன் விசைக்குக் கீழே, வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, ஒரு சாண் நீளத்தில், எண்ணெய்ப் பிசுக்கு காயாமல், சின்னதாக இரண்டு குழலும் சின்னதாக ஒரு கட்டையுமாக இன்னொன்று கிடந்தது. தொட்டால் வெதுவெதுவென்றிருந்தது. பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் அவர் கத்தவில்லை. முதலில் எண்ணிப் பார்த்தார். பிறகு அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்த மகளிடம் போய், "தாயி, நமக்கு ஒண்ணுக்குத்தான லைசென்ஸ் இருக்கு?" என்று கேட்டார்.

மகள் திலகவதி பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். அம்மா இல்லாத வீட்டில் அம்மாவின் சத்தத்தையும் சேர்த்து அவளே பேசி வளர்ந்தவள். பஸ்ஸில் கண்டக்டரோடு, ரேஷன் கடையில் பில் போடுகிறவரோடு, வகுப்பில் பேராசிரியரோடு, கோயிலில் வரிசையை நகர்த்தச் சொல்கிற கயிற்றுக்காரரோடு என்று எங்கே தொடங்கிய வாக்குவாதத்தையும் அவள் பாதியில் விட்டதில்லை. அந்தப் பிள்ளை வாய் மூடுவது தூங்கும்போது மட்டுந்தான் என்று எட்டாம் பிளாக்கில் சொல்வார்கள். தூக்கத்திலும் "அது எப்படிங்க?" என்று கேட்பாள் என்று சோணைமுத்து சொல்வார்.

அந்த நகரத்தில் துப்பாக்கி வைத்திருப்பது லேசான காரியமில்லை. லேசாக இருக்கவும் கூடாது என்பதுதான் திலகவதியின் கட்சி. ஒருவன் எதற்காகத் துப்பாக்கி கேட்கிறான், எந்த அறையில் வைப்பான், சாவி யார் இடுப்பில் இருக்கும், அக்கம்பக்கத்தில் அவனோடு சண்டை போட்டவர்கள் யார் யார் என்பதையெல்லாம் எழுதி வாங்கி, அதை விசாரித்து, விசாரித்ததை மறுபடி விசாரித்து, அப்புறம்தான் கையில் கொடுப்பார்கள். தேர்தல் என்று அறிவித்துவிட்டால் நகரத்தின் எல்லாத் துப்பாக்கிகளையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும், வாக்கு எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். "வீட்டுக்கு வீடு அது இருந்துச்சுன்னா யாரோட யாரு வாதாட முடியும்? எவன் கையில இருக்கோ அவன் சொல்றதுதான் நியாயம்னு ஆயிரும்" என்பாள் அவள். சோணைமுத்துவுக்கும் துப்பாக்கி மேல் ஆசை கிடையாது. துப்பாக்கியோடு வருகிற ஆளுக்குத்தான் கடை வாசலில் வேலை என்பதால் வைத்திருந்தார், தச்சன் உளி வைத்திருப்பதுபோல. இருபத்தொரு வருஷம் அதை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு தடவைகூட விசையைத் தொட்டதில்லை. உரிமமில்லாத ஆயுதம் வீட்டில் இருந்தால் வருஷக்கணக்கில் உள்ளே போக வேண்டும், தானே செய்தது என்று ஆகிவிட்டால் அதைவிடக் கூடுதலாகப் போக வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம்.

"பதறாதீங்கப்பா. நாம வாங்கல, செய்யல. வந்துருக்கு. வந்தது வந்துச்சுன்னு எழுதிக் குடுத்துருவோம்" என்றாள் திலகவதி.

சோணைமுத்து கீழ்வீட்டுப் பஞ்சவர்ணத்தைக் கூப்பிடப் போனார். பஞ்சவர்ணம் அரசு பிரசவ ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்தவள். அவர் போய்வருவதற்குள் திலகவதி பீரோ முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். சின்னது இரண்டு வாயையும் திறந்துகொண்டு ஏதோ சொல்ல வருகிறதுபோல இருந்தது. அவளுக்குத் துப்பாக்கி என்றாலே அருவருப்பு, ஆனாலும் அது அவ்வளவு சின்னதாக இருந்ததால், சர்க்கரை டப்பாவுக்குள் விட்ட விரலைத் துடைக்க மறந்திருந்த அவள், "என்ன, என்ன சொல்ற நீ?" என்று கேட்டு அந்த விரல் நுனியால் இரண்டு வாயையும் தொட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

பஞ்சவர்ணம் வந்து, பெரியதைத் திருப்பிப் பார்த்து, சின்னதைத் தூக்கிப் பார்த்து, விரல் விட்டு மாதம் எண்ணினாள். "சித்திரையில தேர்தலு. ஸ்டேசன் ரூம்புல ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டரை மாசம் அடுக்கி வச்சிருந்தானுகள்ல? கணக்குச் சரியா வருது" என்றாள். பிறகு சின்னதின் கட்டையில் ஓடிய மெல்லிய வெள்ளி வளையத்தைக் காட்டி, "இந்த வளையத்த நான் எங்கயோ பாத்துருக்கேன்" என்றாள். எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஆற்றுக்கு வடக்கே இருக்கும் மில் முதலாளி ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சீமை ரைபிளைப் பட்டு விரித்த நாற்காலியில் சாத்தி வைத்துக் கும்பிடுவது சுவரொட்டியாகவே ஊரெல்லாம் ஒட்டப்படும். அதன் கட்டையில் இதே வளையம் இருந்தது. "சும்மா இருங்கத்தே" என்றார் சோணைமுத்து. ஆனால் மாலைக்குள் நாலு மாடிக்கும் அந்தச் சேதி ஏறிவிட்டது.

எட்டாம் பிளாக் ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. வாசலில் வேப்பிலை செருகினார்கள். மின்விசிறிக் கொக்கியில் பழைய நூல் சேலையைத் தொட்டில் கட்டினார்கள். பிள்ளை ஆணா பெண்ணா என்று ஒரு சண்டை நடந்து, குழல் இருப்பதால் ஆண் என்று ஆண்களும், இரட்டைப்பிள்ளை என்று இன்னும் சிலரும், அது பெற்றவளைப்போலத்தானே இருக்கிறது, பெண் என்று பெண்களும் சொல்லி, பெண் என்றே முடிவானது. பத்தியம் என்று பெரியதற்குத் தேங்காய் எண்ணெய் மட்டும் போட்டார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் மட்டும், இது ஒரு வீட்டில் ஓர் ஆள் கூடியதாகக் கணக்கா, அப்படியானால் தண்ணீர் ஒரு குடம் கூடக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டு ஏச்சு வாங்கிக்கொண்டார்.

அவர்களுக்கு இருந்த ஒரே கவலை சேனை வைப்பது யார் என்பதுதான். பிறந்த பிள்ளையின் நாக்கில் யார் முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் அப்படியே பிள்ளைக்கு வரும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. சாதாரணப் பிள்ளைக்கே பார்த்துப் பார்த்து ஆள் தேடுவார்கள், துப்பாக்கிப் பிள்ளைக்குச் சொல்லவா வேண்டும்? கபடிக்காரர் வைக்கட்டும் என்றார் ஒருவர். வாயை மூடு என்றார்கள். கட்சிக்காரர் தானே முன்வந்தார். அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். மூன்று மணி நேரம் பேசி, கடைசியில் நாலாம் மாடியில் தையல் மிஷின் வைத்திருக்கும் அழகம்மையைக் கூட்டிவந்தார்கள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டதில்லை. புருஷன் தட்டை எறிந்தாலும் பொறுக்கி எடுத்துக் கழுவி வைப்பாள். "ஒன் குணம் வந்துச்சுன்னா ஆயுசுக்கும் இது வாய தொறக்காதுடி" என்று பஞ்சவர்ணம் சர்க்கரைத் தண்ணீர்ச் சங்கை நீட்ட, அழகம்மை விரலால் தொட்டு வைத்தாள். எல்லோரும் குலவை இட்டார்கள்.

திலகவதி சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். காலையிலேயே, தானே, விளையாட்டாக, தொட்டு வைத்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொல்லியிருக்கலாம். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று இரண்டு தடவை மேடையில் பேசிப் பரிசு வாங்கியவள் இப்போது எப்படிச் சொல்வது என்று தயங்கினாள். அவள் வாழ்க்கையில் முதன்முதலாக விழுங்கிய வார்த்தை அதுதான்.

மறுநாள் சோணைமுத்து தன் கையெழுத்திலேயே, பட்டாளத்தில் கற்றுக்கொண்ட ஒழுங்கோடு, தமது பெயரில் பதிவான ஆயுதம் இன்ன தேதியில் இன்ன நேரத்தில் ஒரு குட்டியை ஈன்றது என்றும், அதையும் பதிவு செய்து உரிமம் வழங்கக் கோருகிறேன் என்றும் மனு எழுதி, மகளோடு உரிமப் பிரிவு அலுவலகத்துக்குப் போனார். தெரு முழுக்க நல்ல பெயர் வாங்கிய மனிதர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. வேறு எவனாக இருந்தாலும் சின்னதைச் சாக்கில் சுற்றி ஆற்றுப் பாலத்திலிருந்து போட்டுவிட்டு வந்திருப்பான்.

கிளார்க் ஞானதுரை மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "சொகப்பிரசவந்தான?"

"ஆமாங்கய்யா."

"நல்லது. எப்படி வந்துச்சுங்கிறதுக்குப் படிவத்துல மூணு கட்டந்தான் இருக்கு. வெலைக்கு வாங்கியது, வாரிசா வந்தது, பரிசா வந்தது. எதுல போட?"

"பிறந்ததுன்னு ஒண்ணு போடுங்க சார்" என்றாள் திலகவதி.

"கட்டமெல்லாம் டெல்லியிலருந்து வரணும்மா."

"அப்ப வாரிசுல போடுங்க."

"வாரிசுன்னா யாராச்சும் செத்துருக்கணும். பெத்தவ நல்லாத்தான இருக்கா?"

"பரிசு?"

"குடுத்தவரு லைசென்ஸ் நம்பர் சொல்லு, எழுதுறேன். தகப்பன் யாருன்னு தெரியுமா?" ஞானதுரை அதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.

சோணைமுத்து மகளின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவள் நிற்கவில்லை. "சார், நீங்கதான தேர்தலுக்கு ஒப்படைக்கச் சொன்னீங்க? ஒப்படைச்சோம். நல்ல நெலமையில பெற்றுக்கொண்டேன்னு உங்க ஆளு கையெழுத்துப் போட்ட ரசீது இந்தா இருக்கு. ஊருல இருக்குற எல்லாத்தையும் ஒரே அலமாரியில ஒண்ணு மேல ஒண்ணு போட்டது யாரு? எங்க வீட்டுல இருபத்தோரு வருஷமா ஒழுங்கா இருந்தது உங்க காவல்ல இருக்குறப்பத்தான மாசமாச்சு? அப்ப இதுக்குப் பொறுப்பு நாங்களா, நீங்களா? சட்டத்துல கட்டம் இல்லேங்கிறது சட்டத்தோட குத்தமா, பொறந்த உசுரோட குத்தமா?"

அலுவலகத்தில் தட்டச்சு நின்றது. மேசைகளிலிருந்து தலைகள் எழுந்தன. ஞானதுரை கோப்பை மூடிக் கட்டி, மெதுவாக, "ஜெயிச்சுட்ட தாயி. போயிட்டு வா" என்றார். அந்தக் கோப்பு அன்றைக்கே மேலே போனது. மணி அப்போது பதினொன்று.

வீடு திரும்பியபோது பஞ்சவர்ணம் வாசலில் நின்றிருந்தாள். "பதினோரு மணி வாக்குல ஒங்க வீட்டுக்குள்ள டப்புன்னு ஒரு சத்தம். டிரான்ஸ்பாரம்தான் வெடிச்சிருச்சோன்னு பாத்தேன்." தொட்டிலுக்கு எதிர்ச் சுவரில் கொண்டைக்கடலை அளவு ஓட்டை இருந்தது. தோட்டா இல்லை, மருந்து இல்லை, புகைவாசம் மட்டும் லேசாக இருந்தது. யார் கண்ணிலும் படுமுன் திலகவதி அதில் சோப்பை வைத்து அடைத்தாள். மறுநாள் பிறப்புச் சான்றிதழ் கேட்டுக் கார்ப்பரேஷனோடு போனில் சண்டை பிடித்தபோது, தொட்டில் அவள் கண் முன்னாலேயே ஒரு குலுக்குக் குலுங்கி, இரண்டாவது ஓட்டை விழுந்தது. மில் முதலாளியின் ரைபிளைப் பற்றி நக்கலடித்த சங்கச் செயலாளரை மாடிப்படியில் நிறுத்தி அவள் கேட்ட கேள்விக்கு மூன்றாவது. மூன்றுக்கும் சோப்பு வைத்து அடைத்துவிட்டு அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. சேனை அவளுடையதுதான். குணம் அப்படியே வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வந்தார். மரியாதையான மனிதர், பூட்ஸைக்கூடக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பெரியதன் உரிமத்தை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொல்லி அதை எடுத்துக்கொண்டார். சின்னதைத் தொட்டில் சேலையோடு சுற்றி எடுத்துக்கொண்டார். சோணைமுத்துவையும் சட்டை மாட்டிக்கொள்ளச் சொன்னார். இரண்டையும் வேறு வேறு வண்டியில் வைத்தபோது பெரியதன் இரண்டு குழல்களிலிருந்தும் எண்ணெய் கசிந்து படிக்கட்டு முழுக்கச் சொட்டிக்கொண்டே போனது. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இருபத்தேழு நாள்ல பரிசோதனை" என்றார் இன்ஸ்பெக்டர். "சுடலேன்னா அது பொம்மை. பொம்மைக்கு லைசென்ஸ் வேணாம், ஒங்கப்பா வீட்டுக்கு வந்துரலாம். சுட்டுச்சுன்னா அது ஆயுதம், வருஷக்கணக்குல ஆகும். நம்ம கையில ஒண்ணும் இல்ல."

"சுடாதுங்கய்யா! அழகம்மையில்ல சேனை வச்சிருக்கா! எழுதியே தாரோம்" என்று எட்டாம் பிளாக்கே சந்தோஷமாகக் கத்தியது. நாற்பது பேர் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். திலகவதி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். நான் பேசினால் அது சுடுகிறது, ஆகவே நான் பேசாவிட்டால் அது சுடாது. மூன்று ஓட்டைகளை வைத்து அவள் கட்டிய வாதம் அது, பேச்சுப்போட்டி மேடையில் யாரும் அதை உடைத்திருக்க முடியாது. அந்த நிமிஷத்திலிருந்து அவள் பேசுவதை நிறுத்தினாள்.

பேசாமலிருப்பது என்றால் என்னவென்று பேசாமலேயே வாழ்ந்தவர்களுக்குத் தெரியாது; அவர்களுக்கு அது பழகிய தோல். அவளுக்கோ ஒவ்வொரு வார்த்தையும் மீன்முள்போலத் தொண்டையில் நின்று, எச்சில் கூட்டி எச்சில் கூட்டி விழுங்க வேண்டியிருந்தது. கண்டக்டர், "படிச்ச புள்ளைக்கு நகந்து நிக்கத் தெரியல?" என்றபோது விழுங்கினாள். பேராசிரியர் வகுப்பில் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, பெண்களுக்குத் தர்க்கம் வராது, உணர்ச்சிதான் வரும் என்று ஒரு மணி நேரம் விளக்கியபோது, வழக்கமாக அவள் எழுந்து நிற்கிற இடத்தில் மொத்த வகுப்பும் அவளைத் திரும்பிப் பார்த்தபோது, மேசைக்கடியில் விரல்களை முறுக்கிக்கொண்டு விழுங்கினாள். எழுதிக் காட்டவும் பயந்தாள், எழுத்தும் வாதம்தானே. எட்டாம் பிளாக் அதற்கும் பழகிக்கொண்டது. பாவம், அப்பனை நினைத்து ஊமையாகிவிட்டாள் என்று முதல் வாரம் சொன்னார்கள். இரண்டாம் வாரம், இப்போதுதான் பொண்ணு மாதிரி இருக்கிறாள் என்றார்கள். மூன்றாம் வாரம் இரண்டு பேர் ஜாதகம் கேட்டு வந்தார்கள்.

மில் முதலாளியின் வக்கீலும் வந்தார். நாற்காலியை வேட்டி நுனியால் தட்டிவிட்டு உட்கார்ந்து, ஒரு தாளை நீட்டினார். "எங்க ரைபிள் அந்த அலமாரிப் பக்கமே இல்லேன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டுரும்மா. எங்களது பர்மிங்காம்ல செஞ்சது, பரம்பரை. கண்டதோட சேராது. ஒங்க வீட்டுத் துப்பாக்கி எப்படின்னு ஊருக்கே தெரியும், தெனம் கடை வாசல்ல உக்காந்து போற வாற ஆம்பளையெல்லாம் பாத்துக்கிட்டு இருந்ததுதான?" அவள் வாசல்வரை போய், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, கம்பியில் நகம் பெயர விழுங்கினாள். திரும்பி வந்து கையெழுத்துப் போட மறுத்துத் தலையை மட்டும் ஆட்டினாள். "திமிரு போகல" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

எல்லாவற்றிலும் கொடுமை சிறையில் பார்வையாளர் நேரம்தான். கம்பிவலைக்கு அந்தப்பக்கம் சோணைமுத்து நாளுக்கு நாள் சட்டைக்குள் சிறுத்துக்கொண்டே போனார். முதல் தடவை, "சாப்பிட்டியா தாயி?" என்றார். தலையாட்டினாள். இரண்டாம் தடவை, "கேஸ் என்னாகும்னு நெனைக்கிற? நீதான் புட்டுப் புட்டு வைப்பியே" என்றார். அவள் வலையில் விரலை வைத்தாள். மூன்றாம் தடவை அவர் பக்கத்திலிருப்பவர்களுக்குக் கேட்காமல், "என் மேல கோவமா? மனுவே எழுதாம இருந்துருக்கலாம்னு நெனைக்கிறியா?" என்று கேட்டார். இல்லையப்பா என்ற ஒரு சொல், அவள் விழுங்கியவற்றில் அதுதான் மிகச் சின்னது, அதுதான் இறங்கவே இல்லை. அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள். ஆனால் அழுதுகொண்டே ஆட்டியதால் அது ஆமாம் என்பதுபோலத் தெரிந்தது. அவர் எழுந்து, "சரி தாயி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பரிசோதனை நாளில் தடய அறிவியல் கூடத்தின் பின்முற்றத்தில் மணல்மூட்டை அடுக்கியிருந்தார்கள். சோணைமுத்துவை இரண்டு காவலர்கள் அழைத்து வந்தார்கள். எட்டாம் பிளாக்கிலிருந்து பஞ்சவர்ணமும் அழகம்மையும் திலகவதிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். சின்னது இதற்குள் ஒரு முழம் வளர்ந்திருந்தது, சேலைத் துண்டிலிருந்து எடுத்தபோது தூக்கிய காவலர், "என்ன கனங் கனக்குது!" என்றார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. சளி பிடித்திருந்த பெண் நிபுணர் அதை இரும்புத் தாங்கியில் பூட்டி, தோட்டா போட்டு, விசையில் கயிறு கட்டி, தள்ளி நின்று இழுத்தார். ஒன்றுமில்லை. தும்மிவிட்டு மறுபடி இழுத்தார். ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை கயிறே அறுந்தது. தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு, "சுடவில்லை" என்று எழுதத் தொடங்கினார். பஞ்சவர்ணம் அழகம்மையின் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். திலகவதி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். இருபத்தேழு நாள். முடிந்தது.

"ஒரே ஒரு கையெழுத்து" என்றார் இன்ஸ்பெக்டர், சோணைமுத்துவிடம் ஒரு தாளை நீட்டி. அவர் அப்போதும் மரியாதையாகத்தான் பேசினார். "விளையாட்டுக்காக மரத்துலயும் இரும்புலயும் நானே செஞ்சேன், பொறந்துச்சுன்னு அரசாங்கத்துக்குப் பொய் எழுதிட்டேன், மன்னிக்கணும். இவ்வளவுதான். கோப்பு மூடணும்ல? பொம்மைன்னா செஞ்ச ஆளு வேணும்."

சோணைமுத்து தாளை இரண்டு தடவை படித்தார். "செஞ்சேன்னா அது பொய்யிங்கய்யா."

"பொய்தான். போட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

"பொறந்துச்சுங்கய்யா. சுட்டாலும் சுடாட்டாலும் அது பொறந்ததுதான்."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். திலகவதியிடம் திரும்பினார். "நீ பேசவே வேணாம்மா, பேசமாட்டேன்னு கேள்விப்பட்டேன். அப்பா செஞ்சதுதான்னு தலைய மட்டும் ஒரு ஆட்டு ஆட்டு. சாட்சி மகளேன்னு நான் எழுதிக்கிறேன். அஞ்சு நிமிசத்துல ரெண்டு பேரும் பஸ் ஏறலாம்."

எவ்வளவு சுலபம். அவள் ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம். தலை தானாகவே இறங்கத் தொடங்கியது. பாதி இறங்கியபோது அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை, தாளைப் பார்க்கவில்லை. நீயுமா என்று கேட்கிற கண்ணோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டினால் அவர் வீட்டுக்கு வருவார். வந்து, சாப்பிட்டு, படுத்து, பொய்யன் என்று எழுதிய தாளோடு, பொய்யன் என்று மகளே தலையாட்டிய நினைப்போடு, இனி எந்த வாசலிலும் உட்கார முடியாமல், மிச்ச ஆயுசுக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"பொறந்துச்சு" என்றாள் திலகவதி.

இருபத்தேழு நாள் உபயோகிக்காத குரல் கரகரத்து வந்தது. அது வந்து முடிவதற்குள், தாங்கியில் பூட்டியிருந்த சின்னது, தோட்டா இல்லாமல், கயிறு இல்லாமல், ஒரு விரல் படாமல் சுட்டது. ஒரு தடவை இல்லை. அவள் விழுங்கிக்கொண்டிருந்தது அடங்கிப்போகிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்; அது அத்தனையும் அங்கே ஏறிக்கொண்டிருந்தது. கண்டக்டருக்குச் சொல்லாதது வெடித்து மணல்மூட்டையைக் கிழித்தது. பேராசிரியருக்குச் சொல்லாதது ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு மணி நேரப் பதிலாக, வரிசையாக, மூட்டை மூட்டையாக மணலைக் கொட்டவைத்தது. வக்கீலுக்குச் சொல்லாதது பின்சுவரைத் துளைத்து, அதற்குப் பின்னாலிருந்த வேப்பமரத்தின் இலையெல்லாம் உதிர்ந்தது. எல்லோரும் தரையோடு படுத்திருந்தார்கள். நாற்பதுவரை எண்ணிய நிபுணர் அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டார். எல்லாம் முடிந்து, புகை அடங்கி, தலைகள் மெல்ல எழுந்தபோது, கடைசியாக ஒன்று, ஊசிப்பட்டாசு அளவுக்கு, மிகச் சன்னமாக வெடித்தது. அது எந்தச் சொல் என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

நிபுணர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சுடவில்லை" என்பதை அடித்துவிட்டு மேலே எழுதினார்.

"நாந்தான் சேனை வச்சேன்!" என்று திலகவதி இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றாள். "பொறந்தன்னைக்குக் காலையில, இந்த விரலால. அது சுட்டது என் குணம். கேஸ் போடுறதுன்னா என் மேல போடுங்க, அவர விடுங்க."

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆச்சரியப்படவில்லை. "சாட்சி இருக்கா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பஞ்சவர்ணம் வாயைப் பிளந்து நின்றாள்.

"ஒங்க பிளாக்குல நாப்பது பேரு எழுதிக் குடுத்துருக்காங்க, வச்சது அழகம்மைன்னு. அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லம்மா?" என்றார் அவர். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாதத்துக்கு அவளிடம் பதில் இல்லை.

சோணைமுத்துவை வண்டியில் ஏற்றினார்கள். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள், பேசிக்கொண்டே ஓடினாள், மேல்முறையீடு என்றாள், ரசீது இருக்கிறதே என்றாள், படிவம் என்றாள், பதினொரு மணி என்றாள், ஒன்றும் கோர்வையாக வரவில்லை. அவர் கம்பியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தார். வெளிவாசலில் வண்டி வேகமெடுக்குமுன், "அப்பக் கோவம் இல்லதான?" என்று கேட்டார்.

"இல்லப்பா!"

"அது போதும்" என்றார். சிறைக்குப் போகிற மனிதர் முகத்தில் இருக்கக்கூடாத ஒரு நிம்மதியோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் திலகவதி உரிமப் பிரிவுக்குப் போய் ஒரு புதுப் படிவம் வாங்கினாள். ஸ்கேல் வைத்து, மூன்று கட்டங்களுக்குக் கீழே நாலாவதாக ஒரு கட்டம் போட்டாள். அதற்கு எதிரே "பிறந்தது" என்று எழுதினாள். பொறுப்பாளர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். ஞானதுரையின் மேசை மேல் வைத்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். "கோடு நேரா இருக்கு" என்றார். "ஆனா இத யாரும்மா ஏத்துக்குவா?"

திலகவதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமினாள். மேல்மாடியில், முந்தின நாள் சின்னதைக் கொண்டுவந்து பூட்டிய சாட்சிப் பொருள் அறைப்பக்கம், யாரோ அவசர அவசரமாகக் கதவுகளைச் சாத்துகிற சத்தம் கேட்டது.